சேலை வந்தது, சம்பளம் வரவில்லை

நடுவர் அவர்களே, பேசி முடித்த தெம்பில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, மார்கழிப் பனியிலும் நாற்காலியை விட்டு எழாத அரசரடிப் பெரியோர்களே, எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

‘ஏழைக்கு விடிவு தருவது உள்ளவரின் ஈகையா, உழைப்பவரின் உரிமையா?’ இதுதான் தலைப்பு. நான் உரிமையின் பக்கம். அண்ணன் ஈகைக்காகப் பேசிவிட்டுப் போகிற போக்கில் ரெண்டு வெடி கொளுத்திப் போட்டார். ஒன்று சகேயு, இன்னொன்று ரஷ்யா.

பைபிளில் வரும் சகேயுவை முதலில் பார்ப்போம். எரிகோவில் வரி வசூல் பண்ணிச் சம்பாதித்தவர், குள்ளமான ஆள், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறினார். இயேசு அவர் வீட்டுக்கே விருந்துக்கு வந்ததும் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தார், இதைவிட ஈகை உண்டா என்று அண்ணன் கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். ஆனால் அந்த வசனம் அங்கே முடியவில்லையே! யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அதே மூச்சில் சகேயு சொல்கிறார். அண்ணன் பாதி வசனத்தைப் படித்துவிட்டு மீதியை முழுங்கிவிட்டார். இந்த நாலு மடங்கு ஒன்றும் மனசு இளகி வாயில் வந்த கணக்கு இல்லை. ஆட்டைத் திருடி விற்றவன் ஒன்றுக்கு நாலாகத் தர வேண்டும் என்று பைபிளின் யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தில் சட்டமே இருக்கிறது. சகேயு முதலில் சொன்னது தானம். அடுத்துச் சொன்னது பாக்கி.

இன்னொரு சட்டமும் சொல்கிறேன். அறுப்பு அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. இது லேவியராகமம் 19. மாமியாரோடு பிழைக்க வந்த ரூத் இந்தச் சட்டத்தின் பலத்தில்தான் போவாஸ் வயலில் கதிர் பொறுக்கினாள். போவாஸ் நல்ல மனுஷன், அவளுக்காகக் கூடக் கொஞ்சம் கதிரை உருவிப் போடச் சொன்னார். அது ஈகைதான், அந்தப் பாயிண்டை அண்ணனுக்கே விட்டுத்தருகிறேன். ஆனால் போவாஸ் கடைந்தெடுத்த கஞ்சனாக இருந்திருந்தாலும் ரூத்துக்குக் கதிர் உண்டு.

அதே அதிகாரத்தில்தான் கூலிக்காரன் கூலி விடியும்வரை உன் கையில் தங்கக் கூடாது என்றும் இருக்கிறது. அது எனக்கு வெறும் வசனம் இல்லை.

நான் எட்டாவது படித்தபோது அம்மா ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அந்த வருஷம் அக்டோபர் சம்பளமும் வரவில்லை, நவம்பர் சம்பளமும் வரவில்லை. ‘சேர்த்துத் தர்றேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 23 அன்று அந்த வீட்டம்மா ஒரு சேலை கொடுத்தார். அரக்கு நிறம், பச்சைக் கரை. விலைச் சீட்டைக் கிழித்துவிட்டார்கள், அதைக் குத்தியிருந்த குண்டூசி மட்டும் மடிப்பிலேயே இருந்தது. பிரிக்கும்போது அம்மா விரலில் ஏறிவிட்டது.

கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனைக்கு அம்மா அதைத்தான் கட்டிக்கொண்டு போனாள். அவர்களும் அதே கோயில்தானே, கட்டாமல் போனால் தப்பாகிவிடும். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டம்மா நாலு பேர் முன்னால், ‘என்ன, சேலை எடுப்பா இருக்கே?’ என்றார். ‘ஆமாங்கம்மா’ என்றாள் அம்மா. அதற்கு மேல் அந்த வாயால் சம்பளத்தை எப்படிக் கேட்பாள்? நவம்பர் சம்பளம் பொங்கலுக்கு அப்புறம் வந்தது. அக்டோபர் சம்பளம் இன்னும் வரவில்லை.

சரி, ரஷ்யா. அங்கே பொதுவுடைமைக் கட்சி ஆட்சியில் கோயில்களை இடித்தார்கள், குருமாரைச் சிறையில் அடைத்தார்கள், 1931-ல் மாஸ்கோவின் இரட்சகர் பேராலயத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். நான் மறுக்கவே இல்லை. உரிமை என்றாலே அந்தக் கட்சி என்று அண்ணன் முடிச்சுப் போடுவதைத்தான் மறுக்கிறேன். 1891-ல் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், அதாவது போப் லியோ, பொதுவுடைமைக்காரரா? தனிச்சொத்தை ஒழிப்பது தப்பு என்று அதில் கறாராக எழுதியவர் அவர். அதே மடலில்தான், வேறு வழியில்லாமல் தொழிலாளி குறைந்த கூலிக்குச் சம்மதித்தால் அது சம்மதமே இல்லை, அவன்மேல் நடக்கிற வன்முறை என்றார். சங்கம் சேரலாம் என்றும் சொன்னார். நம் நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வருவதற்கு 57 வருஷம் முன்னால்!

அவ்வளவு தூரம் ரோமாபுரிக்கு எதற்குப் போக வேண்டும்? திருமங்கலம் தாண்டினால் டி.கல்லுப்பட்டி. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி.குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், காந்தியோடு சேர்ந்து போராடிச் சிறைக்குப் போனவர். சிறையில் உட்கார்ந்து இயேசுவின் போதனை பற்றிப் புத்தகமே எழுதினார். 1960 ஜனவரி 30 அன்று இதே மதுரையில்தான் இறந்தார். முதலாளித்துவம், பொதுவுடைமை ரெண்டையும் அவர் ஏற்கவில்லை. ஒன்றில் லாபம் ஓரிடத்தில் குவிகிறது, இன்னொன்றில் அதிகாரம் ஓரிடத்தில் குவிகிறது என்பது அவர் வாதம். அதற்கு மாற்றாக ஏழைக்கு இன்னும் ரெண்டு காசு கூடப் போடுங்கள் என்றா சொன்னார்? செக்கும் தறியும் கிராமத்திலேயே, உழைக்கிறவன் கையிலேயே இருக்கட்டும் என்றார். கருவி கையில் இருந்தால் அவன் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். எனக்குத் தெரிந்து, இந்த ஜில்லாவில் பைபிளையும் பேரேட்டையும் சேர்த்துப் படித்த ஆள் அவர் ஒருவர்தான். நம் கோயில்களில் அவர் பெயரைச் சொல்லி ஒரு பிரசங்கமாவது நான் கேட்டதில்லை. அது வேறு வருத்தம்.

நடுவர் ஐயா மணிமேல் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். அடுத்து ஈகைக்காகப் பேச வரும் தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி. சேலைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பீர்கள், அதை அம்மா அன்றைக்கே கோயில் வாசலில் சொல்லிவிட்டாள். அந்த அக்டோபர் சம்பளத்தை அந்த வீட்டுப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது? அதை மட்டும் சொல்லிவிட்டு உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள். வணக்கம்.