சக்கரமுள்ள சிங்காசனம்

தலைமை தாங்கும் குருவானவர் ஐயா அவர்களே, வேலைகளை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஐயா அவர்களே, இரண்டு நாளாக அடுப்படியில் நின்று நமக்கெல்லாம் சமைத்துப்போடும் பெண்கள் ஐக்கியச் சங்கத்துத் தாய்மார்களே, சபை மக்களே, எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த மேடையில் நான் எப்போது பேசினாலும் சொல்லும் பழமொழி. இன்றைக்கு அது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எடுத்துக்கொண்ட பகுதியே நகர்வதைப் பற்றியது. வேதாகமத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம், முதலாம் அதிகாரம். மூன்று காரியங்கள் பேசலாம் என்றிருக்கிறேன்: காற்று, சக்கரம், சத்தம்.

கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். யூதாவின் பதினெட்டு வயது ராஜா யோயாக்கீனை, பிரபுக்களை, கொல்லரை, தச்சரை என்று பொறுக்கியெடுத்துக் கொண்டுபோனான். அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் பூசியின் மகன் எசேக்கியேல். ஆசாரிய வீட்டுப் பிள்ளை, அதாவது பலி செலுத்தும் குருமார் குடும்பம். ஆலயத்தில் ஊழியம் செய்ய வேண்டியவர், பாபிலோன் தேசத்து நிப்பூர் பட்டணத்துப் பக்கம் கேபார் நதிக்கரையில் அகதியாக உட்கார்ந்திருக்கிறார். நாம் நதி என்று வாசிக்கிறோமே, அது மனிதர் வெட்டிய கால்வாய். சொந்த ஊர் யோர்தானும் இல்லை, சீயோன் மலையும் இல்லை. சேறும் வாய்க்காலும்தான்.

அந்தக் காலத்தில் ஒரு தெய்வத்துக்கு ஒரு தேசம் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். குஷ்டம் நீங்கிய சீரியாப் படைத்தலைவன் நாகமான் சீரியாவுக்குத் திரும்பும்போது என்ன கேட்டான்? இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு இஸ்ரவேல் மண்! அந்த மண் இல்லாமல் கர்த்தரைத் தொழ முடியாது என்று பயந்தான். அப்படியானால் மண்ணையே இழந்துவிட்ட இந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்? நம் தேவன் தோற்றுவிட்டாரோ என்ற கேள்வி ஒவ்வொரு குடிசையிலும் இருந்திருக்கும்.

சிறையிருப்பின் ஐந்தாம் வருஷம், வடக்கிலிருந்து புயல்காற்று வருகிறது. மனித முகம், சிங்க முகம், எருது முகம், கழுகு முகம் கொண்ட நான்கு ஜீவன்கள். மேலே நீலரத்தினம் போன்ற சிங்காசனம். இதையெல்லாம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் கீழே பாருங்கள். சக்கரம்! ஒரு சக்கரத்துக்குள் இன்னொரு சக்கரம், வட்டமெல்லாம் கண்கள். திரும்பாமலே நான்கு திசையும் போகும். நம் அம்மி நகர அடி வேண்டும். இந்தச் சிங்காசனத்தை யாரும் அடிக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஆவி போகும் இடமெல்லாம் சக்கரமும் போகிறது. எருசலேமை விட்டு நகராது என்று எல்லோரும் நினைத்த சிங்காசனம் அகதிகளின் வாய்க்கால் கரைக்கு வந்து நின்றது. தேவனுடைய ஆளுகை என்றால் உயரத்தை மட்டும் நினைக்கிறோம். எசேக்கியேல் கண்ட ஆளுகை வந்து சேருகிற ஆளுகை.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனபின் சக்கர நாற்காலியில்தான் இருந்தார்கள். பேத்தியின் கல்யாணம். வேறொரு ஊர் ஆலயம், ஊரைச் சொல்லவில்லை. பட்டுச்சேலை கட்டி, தலையில் மல்லிகைப்பூ வைத்து, காலையிலேயே தயாராகிவிட்டார்கள். போய் இறங்கினால் வாசலில் மூன்று படி. மூன்றே படி! பையன்கள் நான்கு பேர் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கினார்கள். நல்ல பிள்ளைகள்தான். இரண்டாவது படியில் ஒருவனுக்குக் கை வழுக்கி நாற்காலி சாய்ந்தது. அம்மா ஒற்றைக் கையால் சேலையைப் பிடிப்பார்களா, நாற்காலியைப் பிடிப்பார்களா? ஒரு செருப்பு கழன்று கீழே விழுந்தது. கல்யாணத்துக்கு வந்த கூட்டமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. “என்னை இறக்கி விட்டுடுங்கப்பா, நான் இங்கேயே இருக்கேன்” என்றார்கள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில்தான் பேத்தியின் கல்யாணத்தைக் கேட்டார்கள். தாலி கட்டியதும் குலவைச் சத்தம் கேட்டு என்னிடம், “கட்டியாச்சாப்பா?” என்றார்கள். கட்டியாச்சும்மா என்றேன். அதற்குப்பின் சாகும்வரை எந்த ஆலயத்துக்கும் வர அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

சிங்காசனத்துக்குச் சக்கரம் வைத்த தேவனுடைய வீட்டில், சக்கர நாற்காலி நுழைய வழியில்லை என்றால் எப்படி? நம் ஆலயத்துக்கும் மூன்று படி இருக்கிறது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழி வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லித்தான் நாம் செய்ய வேண்டுமா? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. நம் படி ஒன்றரை அடி உயரம், ஆக பதினெட்டு அடி. தெற்கு வாசல் பக்கம் அளந்து பார்த்துவிட்டேன், இடம் இருக்கிறது. கைப்பிடியும் சேர்த்துப் போட வேண்டும்.

மூன்று வருஷமாக நம் சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியில் மனு கொடுத்து வருகிறேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஆனால் என் ஒருவன் கை போதாது.

சத்தத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டம் வருகிற சனிக்கிழமை. மனுவைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். மேசையைப் படிக்குக் கீழேதான் போட்டிருக்கிறோம்.