120 ரூபாய் அரிசியும் கொல்லை முருங்கையும்

(திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில், மாசி மாதம் ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளுக்கு நான்தான் தடுப்பூசி போட்டேன். கிராம சுகாதார செவிலியராக முப்பத்தோரு வருடம் இந்த வரப்புகளில் முதலில் சைக்கிளிலும் அப்புறம் வண்டியிலும் சுற்றினவள் நான். அதனால் மேடைப் பேச்சு வேண்டாம். உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினது போலவே பேசுகிறேன்.

'குறைந்த செலவில் இயற்கை வாழ்வு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் இதைச் சொன்னதும் ஒரு தங்கச்சி கேட்டாள்: "இயற்கை உணவெல்லாம் வசதியானவங்களுக்குத்தானே அக்கா? டவுன்ல கருப்புக் கவுனி அரிசி கிலோ 120 ரூபாய்னு எழுதிப் போட்டிருக்கான். நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வர்றவ அதை எப்படி வாங்குவா?" அவளுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவளும் வந்திருக்கிறாள்.

அரிசியிலிருந்தே ஆரம்பிக்கலாம். இந்த மண்ணில் நின்றுகொண்டு பாரம்பரிய நெல்லைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். அதை நடத்தின நெல் ஜெயராமன் 174 வகை நெல்லைத் தேடி மீட்டார், 2018 டிசம்பரில் மறைந்தார். அந்தத் திருவிழாவில் என்ன ஏற்பாடு? வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதைநெல். அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காசுப் பேச்சே கிடையாது. அப்படி விலையில்லாமல் கைமாறின நெல்தான் இன்றைக்கு டவுனில் பாக்கெட்டில் ஏறி நம்மைப் பார்த்து விலை சொல்கிறது. எனக்கு அதில் மனவருத்தம் உண்டு.

சரி, அரை மா, ஒரு மா என்று கொஞ்சம் நிலம் இருக்கிறவர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று ஒரு மூலையை ஒதுக்குங்கள். பூங்கார் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். கடலோரத்து உப்பு மண்ணில் குழியடிச்சான் தாங்கும். நிலம் இல்லாதவர்கள் 120 ரூபாய் அரிசியை நினைத்து ஏங்கவே வேண்டாம். ரேஷன் கடைக்குப் போங்கள். 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இரண்டும் இருந்தால் பச்சையை விட்டுவிட்டுப் புழுங்கலைக் கேட்டு வாங்குங்கள்.

ஏன் புழுங்கல்? நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற வைட்டமின் பி1 சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தவிட்டை நீக்கினாலும் அந்தப் பங்கு உள்ளேயே தங்கும். 1890களில் ஜாவா தீவில் எய்க்மன் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். தீட்டின வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் எழுந்து நடந்தன. அந்த வேலைக்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஆத்தாமார் பரிசு எதுவும் எதிர்பார்க்காமல் கொல்லையில் அண்டா வைத்து நெல் அவித்துக் களத்தில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அரிசியை நாலைந்து தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவாதீர்கள், இரண்டு தண்ணீர் போதும். வடிகஞ்சியையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அரிசியிலிருந்து இறங்கின சத்து அதில்தான் இருக்கிறது.

ஆனால் நம் தஞ்சாவூர்ச் சீமைக்காரர்களுக்குக் கோளாறு அரிசியின் வகையில் இல்லை, அளவில் இருக்கிறது. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி மறுபடியும் சோறு. அந்தத் தட்டு நாள் முழுக்க நடவு நட்டு, கதிர் அறுத்து, கட்டுச் சுமந்தவர்களுக்காக ஏற்பட்டது. இப்போது நடவுக்கும் மெஷின், அறுப்புக்கும் மெஷின். வேலை போய்விட்டது, தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவர்களில் முப்பத்தைந்து வயதுக்காரர்களை நான் பார்க்க ஆரம்பித்தது இதற்கு அப்புறம்தான். அதனால் முதல் வேலை, காசே ஆகாத வேலை: சோற்றைப் பாதியாக்குங்கள். காலியான பாதியில் கீரையும் பயறும் வரட்டும்.

கீரை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. இந்தப் பந்தலில் இருக்கிற ஒவ்வொரு இரண்டாவது ஆளும் அதில் வருவாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு எனக்கு மறக்காது. ஐந்து மாதக் கர்ப்பிணி, இரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்குப் பக்கத்தில். கர்ப்பிணிக்குக் குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். மேஜையில் விலை கூடின சத்துபான டப்பா இரண்டு. அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவு கன்றுக்குட்டியின் தொட்டியில். கொல்லையைப் பார்க்கலாம் என்று போனேன். முருங்கை மரம் இருந்த இடத்தில் வண்டி நிறுத்த சிமெண்ட் போட்டிருந்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை அட்டை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று அந்தப் பெண் பயந்துபோயிருந்தாள்.

கறுப்பாகப் போவது இரும்பின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிப் புரியவைத்தேன். மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு முருங்கையில் வாரம் நாலு நாள் கீரை பறித்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தாள். பிரசவத்துக்குள் பத்தைத் தாண்டிவிட்டாள். மாத்திரைதான் பெரிய வேலையைச் செய்தது, அதை மறைக்க மாட்டேன். கீரை கூடவே நின்றது. டப்பாவுக்குப் போட்ட காசுதான் வீண்.

இதில் இரண்டு விஷயத்தை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பு தானாக அதிகம் உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று கூட இருந்தால் சேரும். டீயும் காபியும் அதைத் தடுக்கும். கீரைக் கூட்டை இறக்கிவைத்துவிட்டு அரை மூடி எலுமிச்சை பிழிய என்ன செலவாகும்?

சின்ன வயதில் எங்கள் அம்மா நடவுக்குப் போய்விட்டு வரும்போது மடியில் ஆரைக்கீரை கட்டிக்கொண்டு வருவாள். வாய்க்கால் ஓரத்தில் வல்லாரை, பொன்னாங்கண்ணி. கொடிக்காலில் வெற்றிலை படர நட்ட அகத்தி. எதையும் காசு கொடுத்து வாங்கினதாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது வயலில் கீரை பறிக்கும் முன் "மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்காமல் கை வைக்கக் கூடாது. வயல் நண்டுக்கும் நத்தைக்கும் இதே எச்சரிக்கைதான். இது என்னை மிகவும் வேதனைப்படுத்துகிற விஷயம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். உரத்துக்கும் மருந்துக்கும் கடையை நம்பாமல் விவசாயம் பார்க்க முடியும் என்பதுதான் அவர் பேச்சின் அடித்தளம். மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரசாரத்தில் இருந்தபோது, 2013 டிசம்பரில், பட்டுக்கோட்டைப் பக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. விலை கூடின கடைச் சரக்கோடு அவர் பேரைச் சேர்த்துப் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது.

அப்புறம் பயறு. இங்கே வருகிற வழியெல்லாம் உளுந்து பூத்துக் கிடக்கிறது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரம் காயும் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளிக்கிறோம். தண்ணீர் பாய்ச்சாமல் பனியிலேயே விளைகிறது. பங்குனி, சித்திரையில் நம் ஊர்க் களத்திலேயே குவிந்து கிடக்கும் அதை மொத்தமாக வியாபாரிக்குப் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து பாலிஷ் போட்ட உளுந்தை மளிகைக் கடையில் கால் கிலோ கால் கிலோவாக வாங்குகிறோம். இந்தக் குழுவில் இருபது பேர் இருக்கிறீர்கள். களத்திலேயே ஒரு மூட்டை வாங்கி, நன்றாகக் காயவைத்து, வேப்பிலை போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். தோலோடு அரைத்த உளுந்தங்களி பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பதை விட்டுவிடாதீர்கள். பச்சைப்பயறைச் சோற்றுக்குக் குழம்பாக மட்டும் வைக்காமல் முளைகட்டிக் காலையில் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் இரண்டு இட்லி தானே குறையும்.

எண்ணெய்க்கு நாங்கள் சொல்லும் கணக்கு, ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டில் நாலு லிட்டர் ஓடுகிறது. அதை இரண்டாகக் குறைத்தால் மிச்சமாகும் காசில் செக்கு எண்ணெயே வாங்கலாம். உப்பில் மட்டும் இயற்கை என்று ஏமாறாதீர்கள். இளஞ்சிவப்பு உப்புக்குப் பத்து மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை, அயோடின் சேர்த்த சாதாரண உப்பே நல்லது. ஆனால் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். கருவாடும் மோர்மிளகாயும் அந்தக் கணக்கில்தான் வரும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் வஞ்சிரம் வாங்க முடியவில்லையே என்று குறைப்பட வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து வண்டியில் வருகிற மத்தி மீனில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு நிறைய உண்டு. அதுதான் விலையும் குறைவு. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் குளத்துக் கெண்டை இருக்கவே இருக்கிறது.

பழையதைப் பற்றிக் கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். சோறு ஆறினதும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், வெறுஞ்சோறாக ராத்திரி முழுக்க வெளியில் வைத்துவிட்டுக் காலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. புளிப்பு வாசனை சரி, கெட்ட வாடை வந்தால் மாட்டுக்கும் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். கவுனிக் கஞ்சி குடித்தால் போதும் என்று நம்பினார். ஏழெட்டு மாதத்தில் கால் புண் ஆறாமல் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் அறுவடையில் எல்லாருக்கும் முன்னால் நிற்கிற ஆள். இப்போது வரப்பில் காலூன்றப் பயப்படுகிறார். கவுனியும் அரிசிதான், அதிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி, விழுங்குங்கள். சாப்பாடு மாறி, நடை கூடி, சோதனையில் அளவு குறைந்தால் மாத்திரையைக் குறைப்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

நடைக்குக் காசு வேண்டாம். நம்மிடம் ஆற்றங்கரை இருக்கிறது. சாயங்காலம் சீரியலுக்கு முன்னால் நாலு பேராகச் சேர்ந்து அரை மணி நேரம் போய்வாருங்கள், வாரத்துக்கு ஐந்து நாள்.

இப்போது கேள்வி கேட்ட தங்கச்சிக்கு வருகிறேன். உன் வீட்டில் கொல்லை ஒன்றரைக் குழி அளவு சின்ன இடம்தான் என்று சொன்னாய். போதும். குளிக்கிற தண்ணீர் போகிற இடத்தில் ஒரு வாழை. ஆடி பிறந்ததும் கூரைமேல் ஏறுகிற மாதிரி ஓர் அவரையும் ஒரு சுரையும். முருங்கைக்கு மட்டும் மேடான இடம் பார். நம் ஊரில் ஐப்பசி மழையில் அடியில் தண்ணீர் நின்றால் அழுகிப்போகும். ஒரு முழ உயரத்துக்கு மண்ணை அணைத்துவிட்டு நடு.

பந்தலுக்குப் பின்னால் சாக்கில் இருபத்திரண்டு முருங்கைப் போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, கொண்டுவந்திருக்கிறேன், எங்கள் வீட்டு மரத்தில் நேற்று வெட்டினது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம். உங்கள் மரம் வளர்ந்ததும், 2 கிலோ வாங்கி 4 கிலோ கொடுத்தார்களே, அந்தக் கணக்கில் ஆளுக்கு இரண்டு போத்தாக எனக்குத் திருப்பிக் கொடுங்கள். முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு குழு இப்போதே கேட்டு வைத்திருக்கிறது.