ஆஸ்டெக் பேரரசை 500 பேர் வீழ்த்தினார்களா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "லட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த ஆஸ்டெக் நாட்டை 500 ஸ்பானியர்கள் எப்படிப் பிடித்தார்கள்? அரசரே கோர்த்தேஸைக் கடவுள் என்று நம்பி வரவேற்றாராமே? அந்த இனம் எப்படி அடியோடு அழிந்தது?"

ஆஸ்டெக் நாடு இருந்தது இன்றைய மெக்சிகோவில். அங்கே 1519இல் படையோடு வந்த ஸ்பானியத் தலைவர்தான் கோர்த்தேஸ். கடவுள் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அது போர் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட நூல்களில்தான் வருகிறது. தன் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதிய கோர்த்தேஸ்கூட, தன்னைக் கடவுளாக வணங்கினார்கள் என்று தன் அரசருக்கு எழுதவில்லை. ஒரு பெரிய சமூகத்தையே ஏமாளிகளாகக் காட்டும் இந்தக் கதையை நாம் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆஸ்டெக் மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பாருங்கள். தங்களை மெஷிகா என்று அழைத்துக்கொண்ட அந்த மக்கள், 1325 வாக்கில் டெஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு சதுப்புத் தீவில் குடியேறினார்கள். விளைநிலம் கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் கழிகளை நட்டு, பின்னல் தட்டி கட்டி, ஏரியின் சேற்றையும் பாசியையும் வாரி உள்ளே கொட்டிப் பாத்தி எழுப்பினார்கள். கரை சரியாமல் இருக்க ஓரத்தில் மரம் வைத்தார்கள். அந்தப் பாத்திகளில் ஆண்டுக்குப் பல போகம் விளைந்தது. அவர்களின் தலைநகரான டெனோச்டிட்லான் அந்தச் சேற்றின் மேல்தான் எழுந்தது. பக்கத்திலிருந்த ட்லடெலோல்கோ சந்தைக்கு நாள்தோறும் 60,000 பேர் வந்ததாகக் கோர்த்தேஸே எழுதுகிறார். அங்கே கோகோ கொட்டைதான் சில்லறைக் காசு. கொட்டையின் உள்ளீட்டை எடுத்துவிட்டு மாவையோ மெழுகையோ அடைத்து விற்ற கள்ளர்களும் இருந்தார்கள்! தகராறு வந்தால் தீர்த்துவைக்கச் சந்தைக்குள்ளேயே நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளி இருந்தது.

நரபலியை நான் மறைக்கப் போவதில்லை. டெனோச்டிட்லான் இருந்த இடத்தில் இன்று நிற்கும் மெக்சிகோ நகரின் மையத்தில் 2015 முதல் தோண்டியபோது, நூற்றுக்கணக்கான மண்டையோடுகளை அடுக்கிக் கட்டிய கோபுரம் வெளிப்பட்டது. அவற்றில் பெண்களுடையவையும் குழந்தைகளுடையவையும் உண்டு. பலியானவர்களில் பெரும்பாலோர் போரில் பிடிபட்ட அண்டை நாட்டார். அந்த அண்டை நாட்டாரிடம்தான் நேயரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

கிழக்கே ட்லாஸ்கலா என்ற சிறு நாடு இருந்தது. அது மெஷிகாக்களுக்குப் பணியவே இல்லை. அதனால் சுற்றிலும் வழியை அடைத்து, உப்பும் பருத்தியும் உள்ளே போகவிடாமல் செய்தார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்போம் நாம். ட்லாஸ்கலா மக்கள் பல ஆண்டுகள் உப்பில்லாமல்தான் உண்டார்கள். 1519இல் கோர்த்தேஸ் வந்தபோது அவர்கள் முதலில் எதிர்த்துப் போரிட்டார்கள். பிறகு, ஸ்பானியர்களைக் கொண்டே மெஷிகாக்களுடனான பழைய பகையைத் தீர்க்கலாம் என்று கணக்குப் போட்டுக் கைகோத்தார்கள்.

1520 ஜூன் 30 இரவு மெஷிகாக்கள், டெனோச்டிட்லானுக்குள் வந்து தங்கியிருந்த ஸ்பானியர்களை நகரைவிட்டுத் துரத்தி அடித்தார்கள். நூற்றுக்கணக்கான ஸ்பானியர்கள் ஏரியிலும் கரைவழிச் சாலையிலும் மாண்டார்கள். மிஞ்சியவர்களுக்கு இடம் கொடுத்துக் காப்பாற்றியது ட்லாஸ்கலாதான். ஏரிப் போருக்கான 13 கப்பல்களுக்கு வேண்டிய மரங்களை அங்கேயே அறுத்துச் செதுக்கினார்கள். ஆயிரக்கணக்கான ஆட்கள் அவற்றை மலை தாண்டித் தோளில் சுமந்து வந்தார்கள். கடைசி முற்றுகையில் நின்ற படையில் ஸ்பானியர்கள் ஒரு சிறு பகுதி மட்டுமே. மற்றவர்கள் எல்லோரும் அந்த மண்ணின் மக்கள்.

இதற்கிடையில் பெரியம்மை வந்துவிட்டது. அந்த உடல்களுக்கு அது முன்பின் தெரியாத நோய். பின்னர் மெஷிகாக்களின் மொழியான நவாட்டலில் எழுதப்பட்ட பதிவு ஒன்று அதைச் சொல்கிறது: புரண்டு படுக்க முடியவில்லை, அசைந்தாலே அலறினார்கள், கஞ்சி ஊற்ற ஆளில்லாமல் பட்டினியிலேயே பலர் செத்தார்கள். ஒரே வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டால் யார் ஊற்றுவது? புதிய அரசர் குயிட்லாவாக் சுமார் 80 நாட்களே ஆண்டு அம்மைக்குப் பலியானார். நோய் பகையும் உறவும் பார்க்கவில்லை. ட்லாஸ்கலாவின் மூத்த தலைவர்களில் ஒருவரும் அதிலேயே போனார்.

1521இல் முற்றுகை தொடங்கியதும் சபுல்டெபெக் ஊற்றிலிருந்து வரும் குடிநீர்க் கால்வாயை வெட்டிவிட்டார்கள். மக்கள் உப்புக் கரித்த ஏரி நீரைக் குடித்தார்கள், பல்லியையும் தோலையும் தின்றார்கள். அப்படியும் இரண்டரை மாதம் தெருத்தெருவாகப் போராடினார்கள். ஆகஸ்ட் 13 அன்று அரசர் குவாட்டெமோக் தோணியில் பிடிபட்டார். கோர்த்தேஸின் இடுப்பிலிருந்த குத்துவாளைத் தொட்டு, இதனாலேயே என்னைக் கொன்றுவிடு என்று கேட்டார். அன்று கொல்லவில்லை, 1525இல் தூக்கிலிட்டார்கள்.

"அடியோடு அழிந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மக்கள் அழியவில்லை, ஐயா. நவாட்டல் மொழியை இன்றும் 15 லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசுகிறார்கள். மெக்சிகோ நகரின் தெற்கே சோச்சிமில்கோவில் இன்று காலையிலும் யாரோ ஒருவர் தோணியில் போய், ஏரிச் சேற்றை வாரிப் பாத்தியில் போட்டு நாற்று விட்டிருப்பார்.