திவாலுக்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டுக் கடன்: எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள்?

[திரையில் இரண்டு தேதிகள்: 2019 ஜூலை 10, 2023 மே 16]

வணக்கம். திரையில் தெரியும் இரண்டு தேதிகளும் ஒரே மனிதருடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதியில் திவால் நீதிமன்றம் அவருடைய கடன்களிலிருந்து அவரை விடுவித்தது. இரண்டாவது தேதியில், அவர் எப்போதோ சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய வீடு, பத்திரத்தின்படி அவர் பெயரை விட்டுப் போனது. அவர் மறுபடியும் ஒரு வீடு வாங்கப் போனால், கடன் தருபவர் எந்தத் தேதியிலிருந்து காலத்தைக் கணக்கிடுவார்? ஒரு கணக்கில் 2023 ஜூலையிலேயே கதவு திறந்துவிடும். இன்னொரு கணக்கில் 2026 மே வரை காத்திருக்க வேண்டும். கையில் சரியான காகிதம் இல்லாவிட்டால் 2030 வரை தள்ளிப்போகும். மனிதர் ஒருவரே, திவாலும் ஒன்றே, ஆனால் விடை மூன்று. இன்று அந்த மூன்று விடைகளையும் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்நாட்டில் 'ஃபோர்குளோஷர்' என்று வங்கியில் சொன்னால், கெடுவுக்கு முன்பே கடனை மொத்தமாக அடைத்துக் கணக்கை முடிப்பது என்று பொருள். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு, தவணை கட்டாத வீட்டைக் கடன் தந்தவர் ஏலத்துக்குக் கொண்டுபோவது என்று பொருள். ஊரிலிருந்து பார்க்கும் உறவினர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக, இனி நான் 'ஏலம்' என்றே சொல்கிறேன். திவாலை நம் பெரியவர்கள் 'மஞ்சள் கடுதாசி கொடுப்பது' என்பார்கள். அந்தச் சொல்லோடு ஒட்டியிருந்த அவமானமும் நம்மோடு கடல் தாண்டி வந்துவிட்டது. அதனால்தான் நம்மவர்களில் சிலர் யாரிடமும் விவரம் கேட்கக் கூச்சப்பட்டு, தேவைக்கு மேல் பல ஆண்டுகள் வாடகை வீட்டிலேயே இருந்துவிடுவதைப் பார்க்கிறேன். அந்தக் கூச்சத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை மிக அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

பின்னணியை விரைவாகக் கடந்துவிடலாம். தனிமனிதர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் திவால் மனு கொடுக்கிறார்கள். திவால் சட்டத்தின் சாப்டர் 7 வழியில், மனு கொடுத்துச் சுமார் 4 மாதங்களில் கடன் விடுவிப்பு உத்தரவு வந்துவிடும். சாப்டர் 13 வழியில், 3 முதல் 5 ஆண்டுகள் ஒரு திட்டப்படி தவணை கட்டிய பிறகே வரும். சாப்டர் 7 மனு கொடுத்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் வரை கடன் அறிக்கையில் (கிரெடிட் ரிப்போர்ட்) இருக்கும். சாப்டர் 13-ஐ வழக்கமாக 7 ஆண்டுகளில் எடுத்துவிடுகிறார்கள். ஏலமும் 7 ஆண்டுகள் நிற்கும். இந்தப் பத்து ஆண்டுக் கணக்கைக் கேட்டுவிட்டு, பத்து ஆண்டுகளுக்கு வீடே வாங்க முடியாது என்று மனம் விட்டுப்போகிறவர்கள் ஏராளம். அறிக்கையில் ஒரு பதிவு எத்தனை ஆண்டு நிற்கிறது என்பதும், வீட்டுக் கடனுக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விதிகள்.

[திரையில் அமெரிக்க வரைபடம்: டெக்சாஸ், நியூயார்க்]

இப்போது, இந்த வீடியோவை நான் எதற்காகத் தயாரித்தேனோ அந்தப் பகுதிக்கு வருவோம். கணக்குக்காக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் இருக்கிறார். மற்றவர் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் இருக்கிறார். இருவருக்கும் 2019 ஜூலை 10 அன்றே சாப்டர் 7 விடுவிப்பு உத்தரவு வந்துவிட்டது. இருவருமே வீட்டை வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு வாடகைக்குப் போய்விட்டார்கள்.

டெக்சாஸில் ஏலத்துக்குப் பொதுவாக நீதிமன்ற வழக்கு தேவையில்லை. குறைந்தது 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில், கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம் குறித்துவைத்த இடத்தில் ஏலம் விட்டுவிடுவார்கள். சம்பள நாள் போல மாதந்தோறும் தவறாமல் வரும் அந்தச் செவ்வாய்க்கிழமையில் வரிசையாக வீடுகள் கைமாறுகின்றன. நம் ஹூஸ்டன்காரரின் வீடு 2019 அக்டோபர் 1 அன்று, முதல் செவ்வாயில், ஏலம் போய்ப் பத்திரமும் மாறிவிட்டது என்று கொள்வோம்.

நியூயார்க்கில் ஏலத்துக்கு முன் கடன் தந்தவர் வழக்குத் தொடர்ந்து, சமரசப் பேச்சு நடத்தி, தீர்ப்பு வாங்கியாக வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். போதாக்குறைக்குப் பெருந்தொற்றுக் காலத்தில் மத்திய அரசின் ஆதரவு பெற்ற கடன்களுக்கான ஏலங்கள் 2020 மார்ச் முதல் 2021 ஜூலை வரை நிறுத்தப்பட்டன; நியூயார்க் மாநிலத்தின் சொந்தத் தடை 2022 ஜனவரி 15 வரை நீடித்தது. ஆகவே குவீன்ஸ்காரரின் வீடு 2023 மே 16 அன்றுதான் பத்திரத்தில் மாறியது என்பது சற்றும் மிகையில்லாத கணக்கு. அந்த நான்கு ஆண்டுகளும் அவர் அந்த வீட்டில் இல்லை, அதற்குப் பணம் கட்டவில்லை, அதை மறந்தேகூடப் போயிருக்கலாம். ஆனால் கவுண்டி ஆவணத்தில் வீடு அவர் பெயரில்தான் இருந்தது. இப்படி ஆளில்லாமல் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளுக்கு அங்கே 'ஸோம்பி' வீடுகள் என்றே பெயர்.

இனி விதிகளைப் பொருத்திப் பார்ப்போம். எஃப்எச்ஏ என்பது 1934-இல் உருவான அரசு அமைப்பு; அது தானே கடன் தராமல், மற்றவர்கள் தரும் கடனுக்குக் காப்பீடு வழங்குகிறது. சறுக்கி விழுந்தவர்களிடம் மென்மையாக நடந்துகொள்ளும் அமைப்பு என்ற நல்ல பெயரும் அதற்கு உண்டு. சாப்டர் 7-க்குப் பிறகு, விடுவிப்பு உத்தரவு தேதியிலிருந்து 2 ஆண்டுகள் போதும் என்கிறது. ஆனால் ஏலத்துக்கு 3 ஆண்டுகள் கேட்கிறது. அதுவும் வீட்டின் உரிமை பத்திரப்படி கைமாறிய நாளிலிருந்து. ஆகவே ஹூஸ்டன்காரருக்கு 2022 அக்டோபரில் வழி திறக்கிறது. குவீன்ஸ்காரருக்கு 2026 மே மாதத்தில்தான். இருவரும் ஒரே நாளில் திவாலானவர்கள், செய்த தவறும் சமம், ஆனால் வாழ்ந்த மாநிலம் ஒருவருக்கு மூன்றரை ஆண்டுகளைக் கூடுதல் தண்டனையாக விதித்துவிட்டது. எனக்கு இது நியாயமாகத் தோன்றவில்லை; வீட்டை விட்டுக்கொடுக்கிறேன் என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தவரை, எதிர்த்தரப்பின் தாமதத்துக்குப் பொறுப்பாக்குவது எப்படிச் சரியாகும்?

இப்போது ஃபேனி மே பக்கம் திரும்புங்கள். பல்வேறு நிறுவனங்கள் தரும் வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் இந்த அமைப்பு, கறாரானது என்று பெயர் பெற்றது. சாப்டர் 7-க்கு 4 ஆண்டுகள், ஏலத்துக்கு 7 ஆண்டுகள் என்று அதன் விதிகள் சொல்வதைப் படித்தவுடன் பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த வரியைப் படித்திருக்க வேண்டும். வீட்டுக் கடன் பொறுப்பு திவாலிலேயே தள்ளுபடி ஆகிவிட்டது என்பதற்கு ஆவணம் இருந்தால், ஏலத்துக்கான 7 ஆண்டுகளை விட்டுவிட்டு, திவாலுக்கான 4 ஆண்டுகளையே எண்ணலாம் என்று அதே விதி அனுமதிக்கிறது. அந்தக் கணக்கில் நம் இருவருக்குமே 2023 ஜூலையில் வழி திறக்கிறது. ஆவணம் இல்லையென்றால், ஹூஸ்டன்காரருக்கு 2026 அக்டோபர், குவீன்ஸ்காரருக்கு 2030 மே.

நன்றாகக் கவனியுங்கள்: குவீன்ஸ்காரருக்கு, மென்மையானது என்று பெயர் பெற்ற எஃப்எச்ஏ 2026 வரை காத்திருக்கச் சொல்கிறது, கறாரானது என்று பெயர் பெற்ற ஃபேனி மே 2023-லேயே அவர் விண்ணப்பத்தைப் பார்க்கத் தயாராக இருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது நான் மூன்று முறை திரும்பப் படித்தேன். உங்களுக்குத் தெரிந்தவர்களில் ஒருவர் இந்த நிலையில் இருந்தால், தயவுசெய்து இந்த வீடியோவை இப்போதே அவருக்கு அனுப்பிவையுங்கள்.

[திரையில்: விடுவிப்பு உத்தரவு, ஷெட்யூல் டி]

அந்த ஆவணம் என்ன என்று கேட்பீர்கள். விடுவிப்பு உத்தரவு ஒன்று. திவால் மனுவோடு தாக்கல் செய்த 'ஷெட்யூல் டி' இன்னொன்று. ஈடு வைத்துப் பெற்ற கடன்களின் பட்டியல் அது. அதில் வீட்டுக் கடன் இடம்பெற்றிருக்க வேண்டும். வழக்கறிஞரிடம் பிரதி இல்லாவிட்டாலும், மத்திய நீதிமன்றங்களின் 'பேசர்' என்ற இணையச் சேவையில் பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர் என்ற கட்டணத்தில் எடுத்துக்கொள்ளலாம். பத்திரம் மாறிய தேதியைக் கவுண்டி ஆவண அலுவலகத்தில் பார்க்கலாம். குவீன்ஸ் என்றால் நகரத்தின் 'ஏக்ரிஸ்' தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். ஒரு வேளை டிஃபன் செலவில் பல ஆண்டுகளை மீட்டுத்தரும் காகிதங்கள் இவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னாள் படைவீரர்களுக்கான விஏ கடனுக்குப் பொதுவாக 2 ஆண்டுகள். கிராமப்புறங்களுக்கான யுஎஸ்டிஏ கடனுக்கு 3 ஆண்டுகள். சாப்டர் 13 திட்டத்தில் இருப்பவர்கள், 12 மாதங்கள் தவறாமல் தவணை கட்டி, நீதிமன்றத்தின் அனுமதியும் பெற்றால், திட்டம் முடிவதற்கு முன்பே எஃப்எச்ஏ கடனுக்கு விண்ணப்பிக்கலாம். சம்பாதிப்பவரின் மரணம், கடும் நோய் போன்ற காரணங்களுக்குக் காத்திருப்புக் காலம் குறையலாம். விவாகரத்தை எஃப்எச்ஏ பொதுவாக அப்படிப்பட்ட காரணமாக ஏற்பதில்லை.

அடுத்து, கடன் அறிக்கை. சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பரின் வீட்டில், சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் அருகருகே பரப்பி வைத்துப் படித்தோம். திவாலில் தள்ளுபடியான ஒரு கிரெடிட் கார்டு கணக்கு, இரண்டு அறிக்கைகளில் 'நிலுவை 0, திவாலில் அடங்கியது' என்று சரியாக இருந்தது. மூன்றாவதில் மட்டும் பழைய நிலுவையோடு, மாதந்தோறும் தவணை தவறியதாக நின்றது. இறந்துபோன கடன் அங்கே இன்னும் வட்டி போட்டுக்கொண்டிருந்தது என்றே சொல்ல வேண்டும். அவர் விடுவிப்பு உத்தரவின் பிரதியை இணைத்து மறுப்புக் கடிதம் அனுப்பினார்; இத்தகைய மறுப்பைப் பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும் என்பது சட்டம். பதிவு திருத்தப்பட்டது. 'ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம்' தளத்தில் மூன்று அறிக்கைகளையும் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம் என்பதால், பார்க்காமலிருக்கக் காரணமே இல்லை.

திவாலுக்குப் பிறகும் வீட்டை வைத்துக்கொண்டு தவணை கட்டிவருபவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. கடனுக்கு மறுபடியும் பொறுப்பேற்று நீதிமன்றத்தில் கையெழுத்திடாவிட்டால், அவர்கள் ஒழுங்காகக் கட்டும் தவணை பெரும்பாலும் அறிக்கையில் ஏறுவதே இல்லை. அதற்காக அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டியதில்லை. கட்டியதற்கான வங்கி ஆதாரங்களை மாதவாரியாகச் சேர்த்துவைத்தாலே, பின்னாளில் கடன் தருபவரிடம் காட்டலாம்.

கடன் மதிப்பெண்ணைப் பற்றி இரண்டே செய்திகள். ஃபிகோ மதிப்பெண்ணில் 35 சதவீதம் தவறாமல் கட்டிய வரலாறு, 30 சதவீதம் நிலுவையின் அளவு. மறுபடி தொடங்குபவர்கள் பெரும்பாலும் 200 அல்லது 300 டாலர் வைப்புத்தொகை கட்டி, அந்த அளவுக்கே வரம்புள்ள கார்டு ஒன்றை வாங்குகிறார்கள். அதில் 240 டாலருக்கு மளிகை வாங்கிவிட்டு, கெடு தேதிக்குள் முழுதும் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், மதிப்பெண் எதிர்பார்த்தபடி ஏறாது. ஏனென்றால் பெரும்பாலான வங்கிகள் பில் போடும் நாளில் இருக்கும் நிலுவையைத்தான் தெரிவிக்கின்றன, 300-க்கு 240 என்பது 80 சதவீதம். பில் போடுவதற்கு மூன்று நாள் முன்பே கட்டி, 20 டாலரை மட்டும் விட்டுவையுங்கள். இரண்டாவது செய்தி: கைப்பேசிச் செயலியில் இலவசமாகத் தெரியும் மதிப்பெண் பெரும்பாலும் வேறு வகையைச் சேர்ந்தது. வீட்டுக் கடனுக்குப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஃபிகோவின் பழைய பதிப்புகளையே பார்த்துவந்திருக்கிறார்கள். மூன்று நிறுவனங்களின் எண்களில் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வார்கள். எஃப்எச்ஏ விதிப்படி 580 இருந்தால் 3.5 சதவீத முன்பணம் போதும். 500 முதல் 579 வரை என்றால் 10 சதவீதம் வேண்டும். இதைவிடக் கூடுதலாகக் கேட்கக் கடன் தரும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பதால், ஓரிடத்தில் முடியாது என்றால் இன்னும் இரண்டு இடங்களிலாவது கேளுங்கள்.

விண்ணப்பிக்கும்போது கடன் அதிகாரியிடம் முதல் கேள்வியாக, உங்களுடைய எந்தத் தேதியிலிருந்து, எந்த விதிப்படி எண்ணுகிறார் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். எஃப்எச்ஏ கடனில் காத்திருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டியது, உங்கள் விண்ணப்பத்துக்கு 'கேஸ் நம்பர்' ஒதுக்கும் நாளுக்குள். வீடு பதிவாகும் நாள் அதற்குப் பல வாரங்கள் பின்னால் வந்தாலும் கணக்கில் வராது. உங்கள் மாநிலத்தில் ஏலம் முடிந்து பத்திரம் மாற எத்தனை மாதங்கள் ஆயின என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒரே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு அது உதவும். வழக்கு எண்ணையும் வீட்டு முகவரியையும் மட்டும் அங்கே எழுதாதீர்கள்.