மெடலை எங்கே வைத்தீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். ஓடி முடித்து, வியர்வைகூடக் காயாமல் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்கப் போவதில்லை. போன வாரம் நம்மில் பலருக்கு அரை மராத்தான் நினைத்தபடி அமையவில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு பேர் நம் வாட்ஸ்அப் குழுவிலிருந்தே சொல்லாமல் விலகிவிட்டார்கள். அவர்களை நினைத்துத்தான் இன்றைக்குப் பேச ஒப்புக்கொண்டேன்.

எனக்கு அது போன வருடம் நடந்தது. இதே சென்னையில், 21.1 கிலோமீட்டர். இரண்டு மணி பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று நாலு மாதம் பயிற்சி செய்தேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 வினாடி. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்றால் மூன்றரைக்கு அலாரம். வீட்டில் எல்லோருக்கும் அந்த 2:10 மனப்பாடம்.

அன்று காலை முதல் ஐந்து கிலோமீட்டரை 5:40 வேகத்தில் ஓடினேன். கால் தானாகப் போனது. பயிற்சி பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பதின்மூன்றாவது கிலோமீட்டரில் காற்று அசையவே இல்லை. முழங்கையிலிருந்து வியர்வை சொட்டுகிறது, ஷூவுக்குள் சளக் சளக் என்று சத்தம். வாட்சில் இதயத் துடிப்பு 175. பதினாறில், 2:15 என்று கொடி பிடித்த பேசர், அதாவது அந்த நேரத்தில் முடிக்கச் சீரான வேகத்தில் ஓடி வழிகாட்டுபவர், என்னைத் தாண்டிப் போனார். அவர் பின்னால் நம் குழுவின் தம்பி ஒருவர். "வாங்கக்கா, கூடவே வாங்க" என்று கையை நீட்டினார். நான் லேஸ் கட்டுவதுபோலக் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். லேஸ் அவிழவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மணி 38 நிமிடத்தில் முடித்தேன். மெடலைக் கழுத்தில் போட்டார்கள். போட்டோவுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, சமையலறை இழுப்பறையில், மிக்ஸி ஜாரின் பழைய ரப்பர்கள் கிடக்குமே, அதற்கடியில் மெடலைத் தள்ளி மூடினேன்.

உடம்புக்கு என்ன ஆனது என்பது அப்புறம்தான் புரிந்தது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஐப்பசி கார்த்திகையில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது, இல்லையா? காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. நம் கடற்கரையில் விடியற்காலை பல நாள் அப்படித்தான். வியர்வை காயாமல் சொட்டிப்போகும், உடம்புச் சூடு ஏறும். சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போக வேண்டும், காலுக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இதயம் ஓடுகிறது. அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட காலையில் முதல் ஐந்து கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு முப்பது வினாடி கூடுதல் வேகம் எடுத்தால், அதைப் பதின்மூன்றுக்கு மேல் வட்டியோடு கட்டியே ஆக வேண்டும். நான் கட்டினேன். என் நாலு மாதப் பயிற்சி எங்கும் போய்விடவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து நாள் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

டைமிங் போனதைவிட, ஒளிந்துகொண்டேனே, அதுதான் என்னை அதிகம் வாட்டியது. ஜப்பான்காரர் ஷிசோ கனகுரியைப் பற்றி அந்த நாட்களில்தான் படித்தேன். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தான். கப்பலிலும் சைபீரிய ரயிலிலும் இரண்டு வாரத்துக்கு மேல் பயணம் செய்து போயிருக்கிறார். போட்டியன்று கடும் வெயில். ஓடத் தொடங்கிய 68 பேரில் பாதிப் பேர் முடிக்கவில்லை. போர்ச்சுகல் வீரர் ஒருவர் உயிரையே விட்டார். கனகுரி பாதிக்கு மேல் ஓடி மயங்க, வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருந்தவர்கள் கவனித்துக்கொண்டார்கள். தெளிந்ததும் போட்டி அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஸ்வீடனில் அவரைக் காணாமல்போனவர் கணக்கில் வைத்திருந்தார்களாம். எனக்கு உடனே அந்த அவிழாத லேஸ் ஞாபகம் வந்தது.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. 1920இல் தோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குப் போய்த் திரும்பும் மாணவர் தொடர் ஓட்டத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இன்றும் ஒவ்வொரு ஜனவரியும் 2, 3 தேதிகளில் நடக்கிறது. அணிக்குப் பத்துப் பேர். ஒருவர் தோளில் குறுக்கே போட்டிருக்கும் துணிப்பட்டையை அடுத்தவர் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். தனியாக விழுந்து, தனியாக வீடு திரும்பிய ஒரு மனிதர், யாரும் தனியாக ஓடாத ஓட்டம் ஒன்றை உண்டாக்கியிருக்கிறார் என்பது என் நெஞ்சைத் தொட்டது. 1967இல் ஸ்வீடன் அவரை அழைத்தது. 75 வயதில் அங்கே போய் எல்லைக்கோட்டைத் தாண்டினார். அறிவிக்கப்பட்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 வினாடி. நம் இரண்டு மணி 38 நிமிடத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் காலத்துக்கு வந்தால், கென்யாவின் மராத்தான் வீரர் கிப்சோகே. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2024 பாரிஸில் முதுகுவலியால் ஏறக்குறைய முப்பதாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டார். மற்றவர்கள் எல்லாரும் தாண்டிப் போன பிறகு, சாலையோரம் நின்ற ஜனங்களோடு நடந்தார். ஷூவையும் சட்டையையும் கழற்றி அவர்களுக்கே கொடுத்தார். அவர் தலை குனியவில்லை.

சரி, எனக்கு எப்படித் தெளிந்தது என்று கேட்பீர்கள். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று கேட்டுக் கேட்டு போனை எடுக்கவே அலுப்பாகிவிட்டது. பதினோராவது நாள், குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் அம்மா கூப்பிட்டார். என் டைமிங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வருவீங்களா? எல்லாரும் வேகமாப் போயிடறாங்க, இருட்டுல தனியா வர பயமா இருக்கு" என்றார். போனேன். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஐந்து கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது. வழி முழுக்கப் பேரனுக்குக் காதுகுத்து வைத்த கதை சொன்னார். முடிவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு தூரம் நான் நிக்காம வந்ததே இல்ல" என்றார். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன்.

அதனால் இங்கே நன்றாக ஓடி முடித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடிப்போனவருக்கு அறிவுரை அனுப்பாதீர்கள். துணைக்கு வரச் சொல்லிக் கூப்பிடுங்கள். வாடியிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபத்தில் இன்றைக்கே அடுத்த போட்டிக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு வாரம் நன்றாகத் தூங்குங்கள், மெல்ல நடங்கள். குழுவை விட்டுப் போன இருவரின் எண்ணும் என்னிடம் இருக்கிறது. இந்த மேடையிலிருந்து இறங்கியதும் கூப்பிடப் போகிறேன்.

வரும் ஞாயிறு ஐந்தரை மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் மஞ்சள் பனியனில் நிற்பேன். ஐந்து கிலோமீட்டர். வாட்ச் வேண்டாம்.