கிரேக்கமும் லத்தீனும் படிக்க யார் பணம் தருகிறார்கள்?

(திரையில்: பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் ஒன்று)

பண்டைய கிரேக்க, ரோமானிய உலகை ஆராயும் கிளாசிக்ஸ் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேரும் மாணவர், அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் செலுத்துவதில்லை. பல்கலைக்கழகமே அதைத் தள்ளுபடி செய்து, மருத்துவக் காப்பீடும், ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையும் வழங்குகிறது. இந்த உதவிகள் இல்லாமல் கிடைக்கும் இடத்தைக் கடன் வாங்கி ஏற்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அந்தத் தொகையில் ஒரு பகுதி உழைப்புக்கான ஊதியமே. இடைப்பட்ட ஆண்டுகளில் மாணவர் தொடக்க நிலை லத்தீன் வகுப்பை எடுப்பார். அல்லது புராணக்கதைப் பாடத்துக்கு வரும் இளங்கலை மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவார். ஆகவே எத்தனை ஆண்டுகளில் கற்பிக்கும் கடமை இல்லை, கோடை மாதங்களுக்கும் பணம் வருமா, ஆறாம் ஆண்டு தேவைப்பட்டால் என்ன ஏற்பாடு என்பவற்றையெல்லாம் துறையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

(திரையில்: கிரேக்க மூலப் பக்கம் ஒன்று)

கற்பிக்கும் கடமை இல்லாத ஆண்டுகள் இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம், இத்துறை கேட்கும் மொழிப் பயிற்சிதான். பல துறைகளில் மாணவர் அகராதி இல்லாமல் தேர்வறையில் அமர்ந்து, சிக்கலான தொடர்களுக்குப் பேர்போன கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் உரைநடையையோ ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் இறுகிய லத்தீனையோ மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும். நீண்ட வாசிப்புப் பட்டியலை முடித்தவருக்கே அது கைகூடும். ஆராய்ச்சி நூல்களுக்காக ஜெர்மனும், பிரெஞ்சு அல்லது இத்தாலியமும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இத்துறையினர் இன்றும் புரட்டும் பாலி-விசோவா கலைக்களஞ்சியம் முழுவதும் ஜெர்மன் மொழியில்தான் உள்ளது.

கல்லூரியில் கிரேக்கத்தைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், இளங்கலைக்குப் பிந்தைய ஓராண்டு மொழிப் பயிற்சியில் சேர்வதுண்டு. அதற்குப் பெரும்பாலும் சொந்தப் பணமே செலவாகும். வசதியற்றவர் பின்தங்குவது இந்த இடத்தில்தான். கற்பித்தலுக்கு ஈடாகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் சில முதுகலைப் படிப்புகளை இவர்கள் முதலில் தேட வேண்டும்.

இடங்களும் குறைந்து வருகின்றன. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2024-இல் முதுநிலை மாணவர் தொழிற்சங்கம் பல மாதங்கள் வேலைநிறுத்தம் செய்து, ஆண்டுக்குக் குறைந்தது 45,000 டாலர் உதவித்தொகையைப் பெற்றது. அடுத்த சில வாரங்களிலேயே கிளாசிக்ஸ் உட்படப் பல முனைவர் படிப்புகளுக்கு 2025-26 சேர்க்கையை நிர்வாகம் நிறுத்திவைத்தது. கற்பிக்கும் மாணவருக்கு வாழப் போதுமான ஊதியம் தருவதையும் ஒரு துறையைக் காப்பதையும் எதிரெதிராக நிறுத்தியது தவறு என்பதே என் கருத்து.

(திரையில்: ஏப்ரல் மாத நாட்காட்டி)

நிதியுதவியுடன் இடம் கிடைத்தால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்றுள்ள பொது உடன்பாட்டின்படி, பதிலளிக்க மாணவருக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. அதற்குள் அத்துறையில் இப்போது நான்காம், ஐந்தாம் ஆண்டில் இருக்கும் மாணவர்களிடம் பேசி, உதவித்தொகை அந்த ஊரின் வாடகைக்குப் போதுகிறதா என்று கேட்டுவிடுங்கள்.