சாவியை யார்கிட்ட கொடுப்பீங்க?

நடுவர் அவர்களே, ரெண்டு அணி நண்பர்களே, பெரியோர்களே, வணக்கம். மிச்ச வணக்கத்தை எனக்கு முன்னால பேசினவங்க எனக்கும் சேர்த்தே சொல்லிட்டாங்க.

தலைப்பு: "பொதுவாழ்வில் ஒழுக்கம் நிற்க மதம் தேவையா, தேவையில்லையா?" தேவையில்லைன்னு பேச எட்டுப் பக்கம் எழுதிட்டு வந்தேன். இதோ, பாருங்க. மடிச்சுப் பையில வைக்கிறேன். காரணம், எதிரணி அம்மா. போகிற போக்குல ஒரு கேள்வியைப் போட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம உட்கார்ந்துட்டாங்க: "சாமியே இல்லைங்கிற ஆளை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டு வெளியூர் போவீங்களா?" நீங்க கைதட்டினீங்க. நடுவர் ஐயாவும் லேசா சிரிச்சார், பார்த்துட்டேன்.

உண்டியலுக்கே பூட்டு இருக்கேம்மான்னு திருப்பிக் கேட்கலாம். வேண்டாம். பட்டிமன்ற மேடைகள்ல பல தடவை செத்துப் பிழைச்ச ஜோக் அது. பாவம், தூங்கட்டும். பதிலுக்கு ஒரு ஆளை அறிமுகப்படுத்துறேன். சார்லஸ் பிராட்லா. இங்கிலாந்துக்காரர், பச்சை நாத்திகர்.

1880. நார்தாம்ப்டன் தொகுதி மக்கள் ஓட்டுப் போட்டு அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினாங்க. சபையில உட்காரணும்னா கடவுள் பேரால சத்தியம் பண்ணணும். பத்து செகண்டு வேலை. உதட்டை அசைச்சுட்டுப் போய் உட்கார்ந்திருந்தா யாரும் கேட்டிருக்கப் போறதில்ல. இந்த மனுஷன் என்ன பண்ணார்? "எனக்கு அந்த நம்பிக்கை இல்ல. கடவுள் பேரைச் சொல்லாம உறுதிமொழியா கொடுத்துடறேன்"னார். முடியாதுன்னுட்டாங்க. "சரி, நீங்க கேட்கிற சத்தியத்தையே பண்றேன். அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் இல்ல, ஆனா கொடுத்த வாக்கு என்னைக் கட்டும்"னார். அதுவும் கூடாதுன்னுட்டாங்க. ஏன்? உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே!

பின்னால நிக்கிறவங்களுக்காக இன்னொரு தடவை சொல்றேன். குடை இல்லாம வந்தா உள்ளே விடமாட்டோம். குடையோட வந்தா, "உனக்குத்தான் மழையில நம்பிக்கை இல்லையே, குடை எதுக்கு?"ன்னு பிடுங்கிக்குவோம். நனைஞ்சுக்கிட்டே நில்லு!

மனுஷன் வெளியே போகமாட்டேன்னு நின்னார். பிடிச்சாங்க. நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரம் இருக்கே, பிக் பென் மணி அடிக்கிற அதே கோபுரம், அதுக்குள்ள ஒரு ராத்திரி அடைச்சு வெச்சாங்க. அம்மா, அன்னிக்குச் சாவி யார் கையில இருந்துச்சுன்னு மட்டும் பாருங்க!

இடம் காலின்னு அறிவிச்சாங்க. இடைத்தேர்தல் வந்துச்சு, ஜெயிச்சார். திரும்பவும் வெளியே. திரும்பவும் தேர்தல், திரும்பவும் ஜெயிச்சார். 1880, 81, 82, 84, 85. எண்ணிக்கோங்க, அஞ்சு தடவை. 1881ல போலீஸை வெச்சு நெட்டித் தள்ளினாங்க. 1882 பிப்ரவரியில பார்த்தார் பிராட்லா. விறுவிறுன்னு நடுச்சபை மேஜைகிட்ட போனார். சட்டைப் பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்தார். தனக்குத்தானே சத்தியப்பிரமாணம் பண்ணி வெச்சுக்கிட்டார்! கேள்வித்தாளும் நானே, பரீட்சை எழுதறதும் நானே, மார்க் போடறதும் நானே. அதுக்கும் சேர்த்து வெளியேத்தினாங்க, அது வேற விஷயம்.

1886லதான் தடையில்லாம உட்கார விட்டாங்க. உட்கார்ந்தவர் சும்மா இருக்கல. நம்பிக்கை இல்லாதவங்க உறுதிமொழி கொடுத்தாலே போதும்னு 1888ல சட்டமே கொண்டுவந்துட்டார். நம்ம அரசமைப்புச் சட்டம் மூன்றாம் அட்டவணையிலயும் அந்த ரெண்டு வழியும் இருக்கு. கடவுள் பேரால ஆணையிடலாம், உளமார உறுதி கூறலாம். எதைச் சொன்னாலும் நாற்காலி ஒண்ணுதான்.

இப்ப சாவிக்கு வாங்கம்மா. மனசுல இருக்கிறதை மறைக்கத் தெரியாததாலதான் அந்த ஆள் ஆறு வருஷம் அந்த நாற்காலிக்காக அல்லாடினார். நான் வெளியூர் போனா சாவியை அவர்கிட்டதான் கொடுப்பேன். ஒருத்தரை நம்பறதுக்கு அவர் எதைக் கும்பிடறார்னு பார்க்காதீங்க, சொன்னதைச் செய்றாரான்னு பாருங்க. சட்டம் போடறப்ப நான் சொல்ற காரணம் வேற மதத்துக்காரரும் எடை போட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கணும். மடிச்சு வெச்ச எட்டுப் பக்கத்துல ஆறு பக்கம் இதுதான், முடிஞ்சுபோச்சு.

1891 ஜனவரி. பிராட்லா சாகக் கிடக்கிறார். அப்பத்தான், அவரைத் தடுத்த 1880ஆம் வருஷத்துத் தீர்மானத்தைச் சபை தன் குறிப்பேட்டிலிருந்து நீக்குது. சில நாள்ல போயிட்டார். அடக்கத்துக்கு, லண்டன்ல சட்டம் படிச்சுக்கிட்டிருந்த 21 வயசுப் பையன் ஒருத்தன் போனான். பேரு மோகன்தாஸ் காந்தி. சில பாதிரியார்களும் வந்திருந்தாங்க. திரும்பி வர்றப்ப ரயில் நிலையத்துல ஒரு நாத்திகர் ஒரு பாதிரியாரை மடக்கினார். "பூமிக்குச் சுற்றளவு இருக்கு. உங்க கடவுள் என்ன அளவு? எங்கே இருக்கார்?" பாதிரியார் மெதுவா, "நமக்குத் தெரிஞ்சா, நம்ம ரெண்டு பேர் நெஞ்சுலயும்தான்"னார். நாத்திகர் ஜெயிச்ச தோரணையில சுத்திமுத்திப் பார்த்தார். பாதிரியார் பேசாம இருந்துட்டார். அதைப் பார்த்து நாத்திகத்து மேல எனக்கு இன்னும் வெறுப்புதான் கூடிச்சுன்னு காந்தியே தன் வரலாற்றுல எழுதறார்.

எதிரணி எழுதிக்கோங்க, என் செலவுல ஒரு பாயிண்ட்! அந்த நாத்திகர் என் கட்சிதான். ஆனா அவர்கிட்ட என் சாவியைக் கொடுக்கமாட்டேன். அந்தப் பாதிரியார்கிட்ட கொடுப்பேன். தன் சாமியை இல்லைன்னு சொன்னவனோட குழி வரைக்கும் நடந்து வந்த மனுஷன்யா அவர்.

மணி அடிச்சிட்டீங்க நடுவரே, ஒரே நிமிஷம்.

எங்க அப்பா கும்பிடாம தண்ணி குடிக்கமாட்டார். நான் இருபது வயசுல நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் "சாப்பிட்டியா", "ம்". எங்களுக்குள்ள பேச்சு அவ்வளவுதான். கடைசி நாள், ஆஸ்பத்திரி. அவரோட சேர்ந்து தினமும் கும்பிட்ட அண்ணன் தம்பியெல்லாம் கட்டிலைச் சுத்தி நிக்கிறாங்க. அப்பா தலையணைக்கு அடியில கையை விட்டுத் துழாவறார். ஊசி ஏத்தின கை, நடுங்குது. பீரோ சாவி. எடுத்தார். என் உள்ளங்கையில வெச்சார். என் விரலை ஒவ்வொண்ணா மடக்கி மூடினார். ஒரு வார்த்தை சொல்லல.

பீரோவை எப்பவோ வித்தாச்சு. சாவி இந்தா, இந்த எட்டுப் பக்கத்தோட பையிலதான் கிடக்கு. வணக்கம்.